32 எழுத்தில் ஒரு துப்பு

1991-இல் வெளிவந்த ‘லெம்மிங்ஸ்’ என்ற கணினி விளையாட்டில் 120 லெவல்கள். கடைசி முப்பதுக்கும் ‘மேஹெம்’ என்று பொதுத்தலைப்பு. அமளிதுமளி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த முப்பதில் ஐந்தாவதன் பெயர் ‘கீழே, குறுக்கே, மேலே. அதே வரிசையில்’. போகவேண்டிய திசைகளைப் பெயரே வரிசையாகச் சொல்லிவிடுகிறது. சொல்லி என்ன? எங்கே இறங்குவது, எப்போது திரும்புவது, கையில் இருக்கிற கொஞ்சநஞ்ச வசதியை வைத்துக்கொண்டு மேலே ஏறுவது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொள்வது நம் பாடு. விடையைப் போல ஒன்றை முகப்பிலேயே எழுதிவைத்துவிட்டு, ‘இனி உன் சமர்த்து’ என்று ஒதுங்கிக்கொள்ளும் இந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு: பச்சை முடியும் நீல அங்கியுமாகச் சின்னஞ்சிறு உருவங்கள் ஒரு கதவு வழியே ஒவ்வொன்றாக வந்து விழும். விழுந்ததும் நடக்கும். சுவர் வந்தால் திரும்பும்; பள்ளம் வந்தால் யோசிக்காமல் விழும். தோண்டுவது, படிக்கட்டு கட்டுவது, வழிமறித்து நிற்பது என்று எட்டு வேலைகள் உண்டு. சிலவற்றுக்கு அந்த வேலைகளைக் கொடுத்து, மற்றவற்றை வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு லெவலுக்கும் முன்னால் ஒரு தகவல் திரை வரும். எத்தனை லெம்மிங், எத்தனை சதவீதத்தைக் காப்பாற்ற வேண்டும், எவ்வளவு நேரம் என்று எல்லாமே எண்கள். அந்த எண்களுக்கு மேலே ஒரே ஒரு வரி மட்டும் யாரோ பேசுவதுபோல இருக்கும். அதுதான் பெயர்.

முதல் லெவலின் பெயர் ‘தோண்டு, போதும்!’. பத்து லெம்மிங்கில் ஒன்றைக் காப்பாற்றினாலே வெற்றி. கொடுத்திருப்பதும் தோண்டும் வேலை மட்டும்தான். அடுத்தது ‘மிதப்பவர்கள் மட்டுமே இதில் பிழைப்பார்கள்’. குடை விரித்து இறங்கும் வேலையை அங்கே கற்றுக்கொள்கிறோம். ஏழாவது வரைக்கும் பெயர்களெல்லாம் இப்படிப் பாடத்தலைப்புகளாகவே இருக்கும். எட்டாவதில் குரல் மாறிவிடுகிறது: ‘பார்வைக்குத் தெரிகிற அளவு சிக்கலில்லை’. அதுவரை கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்த வாத்தியார் மெல்லக் கையை எடுத்துவிட்டுச் சிரிக்கிறார்.

இதே திருப்பம் இரண்டு வருடம் முந்தைய இன்னொரு விளையாட்டிலும் இருக்கிறது. அமெரிக்கரான சக் சோமர்வில் 1989-இல் அட்டாரி லிங்க்ஸ் என்ற கைக்கருவிக்காகச் செய்த ‘சிப்ஸ் சாலஞ்ச்’ அது. தொண்ணூறுகளில் விண்டோஸ் விளையாட்டுத் தொகுப்பில் வந்ததால் நம்மூர் கம்ப்யூட்டர் சென்டர்களில் உட்கார்ந்தவர்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அதன் முதல் எட்டு லெவல்களின் பெயர் ‘பாடம் 1’ முதல் ‘பாடம் 8’ வரை. ஒன்பதாவது ‘நட்டும் போல்ட்டும்’. அதற்கப்புறம் ‘காட்டுத்தீ’, ‘தென்துருவம்’, ‘பனிப்பாறை’ என்று போய், ‘என்னை நம்பு’ என்று ஒரு லெவல் பெயரைப் பார்த்தாலே சந்தேகம் வருகிற கட்டத்துக்கு வந்துவிடும். இரண்டு விளையாட்டுகளையும் செய்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து எழுதியதாகத் தோன்றவில்லை. கற்றுக்கொடுக்கும்வரை பெயர் உதவ வேண்டும். கற்றுக்கொடுத்த பிறகும் உதவினால் ஆட்டம் கெட்டுவிடும். இந்த நெருக்கடி இரண்டு தரப்பையும் ஒரே இடத்தில் திருப்பியிருக்கிறது.

பெயருக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது: இடம். லெம்மிங்ஸின் பி.சி. பதிப்பில் ஒரு லெவல் என்பது 2048 பைட் கொண்ட ஒரு தரவுத் தொகுதி. நிலம், கதவு, பொறி, வேலைகளின் எண்ணிக்கை எல்லாம் போக, கடைசி 32 பைட் பெயருக்கு. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்; இடைவெளிக்கும் ஒன்று. ‘கீழே, குறுக்கே, மேலே. அதே வரிசையில்’ ஆங்கிலத்தில் நிறுத்தக்குறிகளோடு சரியாக 30. இடம் மிச்சமானால் புள்ளி புள்ளியாக வைத்து நிரப்புவதும், தேவைக்கு மேல் ஆச்சரியக்குறி போடுவதும் லெம்மிங்ஸைச் செய்த பையன்களின் வழக்கம். அதற்கும் எட்டு வருடம் முன்னால், 1983-இல், மேத்யூ ஸ்மித் என்ற பதின்வயதுப் பிரிட்டிஷ் இளைஞர் ‘மேனிக் மைனர்’ விளையாட்டில் 20 குகைகளைச் செய்தார். அங்கும் ஒவ்வொரு குகைப் பெயருக்கும் ஒதுக்கியது 32 இடமே. அவர் எழுதிய ஸ்பெக்ட்ரம் கணினியின் திரையில் ஒரு வரிக்கு 32 எழுத்துதான் கொள்ளும்.

அந்த இருபது குகைகளில் ஒன்றின் பெயர் ‘பிறழ்ந்த தொலைபேசிகளின் தாக்குதல்’. கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் காலத்து எதிரி உருவம் என்பது 16 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம், ஒரே நிறம். பெயரைப் படிக்காமல் பார்த்தால் ஏதோ ஒரு பூச்சி. படித்துவிட்டுப் பார்த்தால் ரிசீவரும் டயலும் தெரியும். அப்புறம் அதை வேறு எதுவாகவும் பார்க்க முடியாது.

கண்ணுக்குத் தெரியாததைப் பெயர் எப்படித் தெரியவைக்கிறது? உளவியலாளர்கள் ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும் 1972-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். ஒரு சின்னப் பத்தியை வாசிக்கக் கொடுத்தார்கள். எதையோ வகை பிரிப்பது, ஒரேயடியாக நிறையச் செய்யாமல் இருப்பது, பிறகு மறுபடி அடுக்குவது என்று போகும் பத்தி. சொற்கள் எல்லாம் எளியவை, வாக்கியங்களில் பிழையில்லை, ஆனால் எதைப் பற்றியது என்றே பிடிபடாது. ஒரு குழுவுக்கு மட்டும் முன்கூட்டியே ‘இது துணி துவைப்பது பற்றி’ என்று சொன்னார்கள். அந்தக் குழு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விஷயங்களை நினைவில் வைத்திருந்தது. இன்னொரு குழுவுக்கு வாசித்து முடித்த பின் தலைப்பைச் சொன்னார்கள். சொல்லாமல் விட்டவர்களைவிட அவர்கள் ஒன்றும் மேலே போகவில்லை. தலைப்பு முன்னால் வந்தால்தான் மனம் அதற்கு ஏற்ற அடுக்குகளைத் திறந்துவைக்கிறது. லெவல் பெயர் எப்போதும் லெவலுக்கு முன்னாலோ கூடவேயோ வருவது வெறும் அலங்காரத்துக்காக இல்லை.

இன்னும் நெருக்கமான சோதனை ஒன்று உண்டு. ஒரு மெழுகுவர்த்தி, தீக்குச்சி, பெட்டி நிறையக் குத்தூசிகள். மெழுகுவர்த்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். கார்ல் டுங்கர் என்ற ஜெர்மானிய உளவியலாளரின் புகழ்பெற்ற புதிர் இது. குத்தூசிகளைக் கொட்டிவிட்டுப் பெட்டியையே சுவரில் குத்தி அதன்மேல் மெழுகுவர்த்தியை வைப்பது விடை. நிறையப் பேருக்கு அது தோன்றாது, ஏனென்றால் பெட்டியை ஒரு பொருளாகவே அவர்கள் எண்ணுவதில்லை. குத்தூசி இருக்கும் இடம், அவ்வளவுதான். 1966-இல் சாம் குளுக்ஸ்பெர்க்கும் ராபர்ட் வைஸ்பெர்க்கும் படத்தில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் பெயரை எழுதிவைத்தார்கள். ‘பெட்டி’ என்று தனியாக ஒரு சீட்டு ஒட்டியதுமே பெரும்பாலோர் மளமளவென்று விடைக்கு வந்துவிட்டார்கள். யாரும் எந்தத் துப்பும் கொடுக்கவில்லை. இருப்பதற்கு இருக்கிற பெயரைச் சொன்னார்கள்.

புதிர் செய்பவரை இது பயமுறுத்த வேண்டும். பாலத்தைப் பாலமாக இல்லாமல் சுவராகப் பயன்படுத்துவதுதான் தந்திரம் என்று வைத்துக்கொள்வோம். பெயரில் சுவர் என்ற சொல் எங்காவது எட்டிப்பார்த்தால் ஒரு மணிநேரப் புதிர் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துபோகும். ஆடியவர் பெயர் தனக்கு உதவியது என்று உணரக்கூடமாட்டார். மிகையாகத் தெரிந்தால் உளவியலாளர் நார்மன் மையர் 1931-இல் எழுதியதைப் பார்க்கலாம். கூரையிலிருந்து இரண்டு கயிறுகள் தொங்குகின்றன. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் மற்றொன்று எட்டாது. அங்கே கிடக்கும் குறட்டை ஒரு கயிற்றில் கட்டி ஊசலாட விடுவது ஒரு விடை. திணறிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் மையர் தற்செயலாகப் படுவதுபோல் கயிற்றை உரசி லேசாக ஆடவைத்தார். சற்று நேரத்தில் பலருக்கு விடை வந்துவிட்டது. எப்படித் தோன்றியது என்று கேட்டால், அந்த அசைவைப் பற்றி ஏறத்தாழ ஒருவரும் பேசவில்லை. தானாகத் தோன்றியதாகவே நினைத்தார்கள்.

நல்ல லெவல் பெயர் இந்த உரசலுக்கு நிகரானது என்று நினைக்கிறேன். ஆடுபவர் தானே கண்டுபிடித்ததாக மகிழ வேண்டும். கயிறு எவ்வளவு ஆட வேண்டும் என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானிக்கத் தகுதி மிகக் குறைந்த ஆள் அந்த லெவலைச் செய்தவரே.

ஏன் என்று பார்க்க 1990-இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் செய்த ஆய்வு போதும். தெரிந்த பாட்டு ஒன்றின் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள் பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கணித்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடித்தது மூன்றை. தட்டுகிறவர் தலைக்குள் பாட்டு முழுசாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்திவிட்டு வெறும் டொக்டொக் சத்தத்தைக் கேட்க அவரால் முடியாது. லெவல் செய்தவர் நிலையும் அதேதான். விடை அவர் தலைக்குள் ஓடிக்கொண்டேயிருக்கும். அவர் வைக்கும் பெயர் அவருக்குப் பூடகமாகத் தோன்றி ஊருக்கு வெட்டவெளிச்சமாக இருக்கலாம். தலைகீழாகவும் நடக்கலாம்: அவருக்குப் பளிச்சென்ற துப்பு, மற்றவர்களுக்கு வெற்றுச் சொல். வேலை நடக்கும்போது கோப்புகளைத் தேடி எடுக்க வசதியாக வைக்கும் தற்காலிகப் பெயர்கள் இன்னும் ஆபத்து. அவை இயல்பாகவே தந்திரத்தைச் சொல்லும் பெயர்கள்.

இதற்கு ஓர் அழகான மாற்றுவழியை 2010-இல் டெரி கவனா செய்துகாட்டினார். ‘வி’ என்ற எழுத்தை ஆறு முறை எழுதினால் அதுவே அவர் விளையாட்டின் பெயர். அதில் குதிக்க முடியாது. ஈர்ப்புவிசையைத் தலைகீழாகப் புரட்டத்தான் முடியும். ஒவ்வொரு அறைக்கும் திரையின் அடியில் ஒரு பெயர் இருக்கும். திரை 40 எழுத்து அகலம், ஆக இங்கும் அளவுச்சட்டம் உண்டு. அறைகளைக் கட்டியவர் கவனா. பெயர் வைத்தவர் அவரில்லை. தத்துவம் படித்தவரும், ‘க்வாப்’ என்ற ஓடத்தெரியாத ஓட்டக்காரன் விளையாட்டைச் செய்தவருமான பென்னட் ஃபோடியிடம் அந்த வேலையைக் கொடுத்தார். வெளியிலிருந்து வந்தவர் ஒவ்வோர் அறையிலும் நுழைகிறார், முள்ளைப் பார்க்கிறார், ஆடுபவர் மனதில் எழக்கூடிய எரிச்சலைத் தானும் உணர்கிறார், அதற்குப் பெயர் சூட்டுகிறார்.

அங்கே ஓரிடம் பிரசித்தம். முழங்கால் உயரக் கல் ஒன்று. அதற்கு அப்பால் ஒரு பரிசு மின்னுகிறது. குதிக்க முடியாததால் தாண்டவும் முடியாது. ஈர்ப்பைப் புரட்டி, முள் நிறைந்த அறைகளுக்குள் வரிசையாக மேலே விழுந்து, உச்சியில் மறுபடி புரட்டி, அதே முள்ளுக்குள் கீழே விழுந்து கல்லின் மறுபக்கத்தில் இறங்க வேண்டும். அடித்தள அறையின் பெயர் ‘கஷ்டப்பட்டே செய்வது’. வழியில் இருக்கும் அறைகளில் மூன்றுக்கு ஜூலியஸ் சீசர் சொன்னதாகச் சொல்லும் மூன்று லத்தீன் சொற்கள்: ‘வேனி’, ‘விடி’, ‘விச்சி’. வந்தேன், கண்டேன், வென்றேன். மூன்றும் ‘வி’யில் தொடங்குவது போனஸ். இன்னொன்றின் பெயர் ‘உன் கசந்த கண்ணீர்... என்ன ருசி’. கால் நொடியில் கடந்துபோகும் அறை. செத்துச் செத்து நூறாவது முறை வரும்போதுதான் அந்த வரி கண்ணில் படும். அந்த நேரத்தில் சிரிக்கவைக்கும் என்று தெரிந்து எழுதியிருக்கிறார். விடை தெரிந்தவருக்கு அது தோன்றியிருக்குமா என்பது சந்தேகமே.

புதிருக்குத் தலைப்பு வைக்கும் பழக்கம் கணினிக்கு முந்தியது. சதுரங்கப் புதிர்களில் அது நன்றாக ஊறியது. அமெரிக்கர் சாம் லாய்டு ஒரு நண்பரிடம் பந்தயம் கட்டினார்: இந்தப் புதிரில் கடைசி அடியை நிச்சயம் கொடுக்காத காயைக் காட்டு பார்க்கலாம். நண்பர் மூலையோரம் அசையாமல் நின்ற ஒரு சிப்பாயைக் காட்டினார். அந்தச் சிப்பாய்தான் ஐந்து நகர்வில் பலகையின் மறுகோடிவரை ஏறி, ராணியாகி, ராஜாவை முடிக்கிறது. 1861-இல் அச்சேறிய அந்தப் புதிருக்கு லாய்டு வைத்த தலைப்பு ‘எக்செல்சியர்’, மேன்மேலும் உயரே. லாங்ஃபெல்லோ கவிதை ஒன்றின் தலைப்பும் அதுவே. படித்ததும் ஏதோ பகட்டான கவிதைத் தலைப்பு என்று விட்டுவிடத் தோன்றும். விடை தெரிந்த பிறகு பார்த்தால் அந்த ஒரே சொல்லில் சிப்பாயின் முழுப் பயணமும் இருக்கிறது. தீர்த்த பின் வேறாகப் படிக்கும் இப்படிப்பட்ட தலைப்பை மிஞ்ச எனக்கு வேறொன்று தெரியவில்லை.

கிட்டத்தட்ட அதே வித்தையை ஜானதன் புளோ 2008-இல் ‘பிரெய்ட்’ விளையாட்டில் செய்தார். அதன் ஒரு பகுதிக்குப் பெயர் ‘காலமும் இடமும்’. தத்துவக் கட்டுரைத் தலைப்பு மாதிரி இருக்கும். உள்ளே போனால் நாம் வலப்பக்கம் நடக்கும்போது காலம் முன்னே ஓடுகிறது, இடப்பக்கம் நடந்தால் பின்னே ஓடுகிறது, நின்றால் நிற்கிறது. தலைப்பு நேர்ப்பொருளிலேயே சொல்லியிருக்கிறது.

சில பெயர்கள் தனியாக நின்றால் ஒன்றுமில்லை, அடுத்ததோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். ஃபின்லாந்தின் அர்வி தெய்கரி 2019-இல் வெளியிட்ட ‘பாபா இஸ் யூ’வில் ஒரு லெவல் ‘எட்டாத இடம்’. அதைத் தொடர்ந்து ‘இன்னும் எட்டாத இடம்’. பார்த்தால் போன லெவலேதான் போலிருக்கும். போன விடையைப் போட்டுப் பார்த்தால் செல்லாது. எது மாறியது என்று தேடச் சொல்லும் ஒரே அடையாளம் அந்த ‘இன்னும்’. லெம்மிங்ஸில் ‘எல்லாரும் விழுகிறோம்’ என்ற பெயர் நான்கு கடினப் படிகளிலும் ஒவ்வொரு முறை வரும். அதே நிலம், அதே பெயர், ஏறிக்கொண்டே போகும் லெம்மிங் கூட்டம். நாலாவது தடவை அந்தப் பெயரைப் பார்த்ததும் விரல் வலிக்க ஆரம்பித்துவிடும்.

பெயர்கள் எல்லாமே ஆடுபவருக்காக வைத்தவை என்றும் நினைத்துவிடக் கூடாது. பட்டறைக்குள் நடந்த கிண்டலும் அவற்றில் தங்கிவிடும். ‘மேனிக் மைனரில்’ ஒரு குகை ‘யூஜினின் குகை’. போட்டி நிறுவனமான இமேஜினில் புரோகிராமராக இருந்த யூஜின் எவான்ஸைச் சீண்டியது. லெம்மிங்ஸில் ‘மிருகம்போல் ஒரு லெவல்’ என்பது அதே பதிப்பாளரின் ‘ஷேடோ ஆஃப் த பீஸ்ட்’ விளையாட்டின் படங்களை எடுத்துக் கட்டிய லெவல். லெம்மிங்ஸ் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துப் பிள்ளைகள் செய்தது என்பதும் பெயர்களில் ஒளியவில்லை. ‘நெஸ்ஸியைத் தேடு’ என்று நெஸ் ஏரிப் பூதத்துக்கு ஒன்று. ‘பாவம், சின்னஞ்சிறு ஜீவன்கள்!’ என்பதில் சின்னத்துக்கு ஸ்காட்லாந்துப் பேச்சுவழக்குச் சொல்லையே போட்டிருக்கிறார்கள். யாரும் திருத்தவில்லை. பெயர் வைப்பவருக்குச் சரக்கு தீர்ந்துபோகும் நாளும் வரும் போலிருக்கிறது: ‘மேனிக் மைனரின்’ பதினாறாவது குகைக்குப் பெயர் ‘பதினாறாவது குகை’.

விடையைப் பற்றி வாயே திறக்காமல் ஓர் ஊரையே கட்டும் பெயர்களும் உண்டு. ஸ்டீபன் லாவெல் 2016-இல் வெளியிட்ட ‘ஸ்டீபன்ஸ் சாசேஜ் ரோல்’ ஒரு தீவில் நடக்கிறது. ஒவ்வொரு புதிரும் அந்தத் தீவின் ஒரு துண்டு. பெயர்கள் பழைய வரைபடத்தில் இருக்கும் இடப்பெயர்கள்போல. ‘தேரையின் மடமை’, ‘நாசக்காரனின் ஒதுங்கிடம்’. குளிர்ப் பகுதிக்கு வந்ததும் ‘குளிர்ந்த விரல்’, ‘குளிர்ந்த ஏணி’, ‘குளிர்ந்த கதவு’ என்று ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு விடாமல் அடிப்பார். இறைச்சித் துண்டுகளை உருட்டி வாட்டுகிற ஒரு கேலிக்கூத்தான விளையாட்டுக்கு இந்தப் பெயர்கள் ஏதோ புராதன சோகத்தைக் கொடுத்துவிடுகின்றன.

முடிவை அப்பட்டமாகப் போட்டு உடைப்பதும் ஒரு வழிதான். வால்வ் நிறுவனத்தின் ‘போர்ட்டல் 2’ (2011) கடைசி அத்தியாயத்தின் பெயர் ‘அவன் உன்னைக் கொல்கிற பகுதி’. அந்தக் கட்டம் வந்ததும் வில்லன் கிட்டத்தட்ட அதே வாக்கியத்தைச் சொல்கிறான். அதே பெயரில் ஒரு சாதனைப் பதக்கமும் கிடைக்கிறது. அத்தனை முறை சொன்ன பிறகு அது நடக்காது என்று ஆடுபவருக்குப் புரிந்துவிடுகிறது, சிரிப்பும் அங்கிருந்துதான் வருகிறது.

பெயரே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களையும் சொல்ல வேண்டும். ‘பிரெய்டுக்கு’ அத்தனை கவனமாகத் தலைப்பு வைத்த அதே புளோ, 2016-இல் ‘த விட்னஸ்’ செய்தபோது நூற்றுக்கணக்கான புதிர்ப் பலகைகளில் ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை. சொல்லே இல்லாமல் கற்றுக்கொடுப்பதுதான் அங்கே பந்தயம், ஒரு சொல் போதும் அதைக் கெடுக்க. ‘கேண்டி க்ரஷ்’ மாதிரி ஆயிரக்கணக்கில் லெவல் இறக்கும் விளையாட்டுகளில் எண் மட்டும்தான் சாத்தியம். இருந்தும் அதில் 65-வது லெவலில் சிக்கி நொந்தவர்கள் பெருகப் பெருக, ‘அறுபத்தஞ்சு’ என்று சொன்னாலே ஆடியவர்களுக்குப் புரியும் நிலை ஒரு காலத்தில் இருந்தது.

ஜப்பானில் ஹிரோயுகி இமாபயாஷி எண்பதுகளின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘சோகோபான்’, கிடங்கில் பெட்டிகளைத் தள்ளும் புதிர், எண்களோடுதான் பிறந்தது. பிற்பாடு உலகெங்கும் உள்ள ரசிகர்கள் தாங்களே லெவல் செய்து பகிர்ந்துகொள்ள ஓர் எளிய எழுத்து வடிவத்தைக் கையாண்டார்கள். சுவருக்கு #, பெட்டிக்கு $, ஆளுக்கு @, சேர்க்கவேண்டிய இடத்துக்கு ஒரு புள்ளி. விரும்பினால் தலைப்புக்கு ஒரு தனி வரி சேர்க்கலாம். விரும்பியவர்கள் சேர்த்தார்கள். சோகோபானைத் தீர்க்க எழுதிய புரோகிராம்களுக்கு அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. அதைத் தாண்டிப் போய் முதல் # குறியிலிருந்து கணக்குப் போட ஆரம்பிக்கும்.